‘ஆனால்’ வரைக்கும்

எனக்கு அருவருப்பு சீக்கிரம் வரும். அடுத்தவர் தட்டிலிருந்து ஒரு துண்டு எடுத்துத் தின்னச் சொன்னால் பட்டினி கிடப்பேன். பேருந்துக் கம்பியைப் பிடித்த கையால் முகத்தைத் தொட மாட்டேன். வீட்டில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். சிரிக்காதவள் ஒருத்திதான், என் தம்பி பொண்டாட்டி. அவள் என்னைவிட மோசம். டம்ளரைக் கழுவிக் கவிழ்ப்பாள், குடிக்க எடுக்கும்போது மறுபடி கழுவுவாள். இந்த வீட்டுக்கு வந்த புதிதில் எங்கள் சமையலறைக் கைத்துணியை எடுத்து மோந்து பார்த்தாள். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, நேராகக் குப்பையில் போட்டாள். அம்மாவுக்கு மூக்குக்கு மேல் கோபம். எனக்கு அன்றைக்கே அவளைப் பிடித்துப்போயிற்று. நாத்தனாருக்கும் தம்பி மனைவிக்கும் ஒத்துப்போகக் கூடாது என்று ஏதோ சட்டம் இருப்பதுபோல உறவுக்காரர்கள் எங்களை இன்னமும் சந்தேகமாகத்தான் பார்க்கிறார்கள்.

அவளுக்கு நான் வைத்த பேர் அரைவரி. எதைக் கேட்டாலும் அரை வரியில்தான் பதில் வரும். சாப்பிட்டியா என்றால் "ஆச்சு". உடம்பு சரியில்லையா என்றால் "இல்ல, தலை". அதற்கு மேல் கறக்க முடியாது. தம்பி ஒரு கண்ணாடிக் கடையில் சட்டம் போடுகிறவன், நாள் முழுக்க வாய் ஓயாமல் பேசுவான். இரண்டும் சேர்ந்து எப்படிக் குடித்தனம் நடத்துகின்றன என்று அம்மா அடிக்கடி என்னிடம் கேட்பாள், ஏதோ நான் குடித்தனம் நடத்திக் கரைகண்டவள் மாதிரி.

அவள் படித்தது கணக்கு. கணக்குப் படித்தவளுக்குக் கிடைத்தது செருப்புக் கடையில் பில் போடுகிற வேலை. அந்தக் கடைக் கம்ப்யூட்டர் அடிக்கடி மக்கர் செய்யும். சரிசெய்ய வருகிறவன் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, டீ குடித்துவிட்டுப் போவான். இவள் அவன் தட்டுகிற இடத்தை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தானே படித்தாள், இரவல் வாங்கிய புத்தகத்தில், செருப்பு டப்பாக்களுக்கு நடுவில் உட்கார்ந்து. அந்தக் கம்ப்யூட்டர் மொழிக்குப் பைத்தான் என்று பேர். பாம்பின் பேரை ஏன் வைத்தார்கள் என்று கேட்டேன். "தெரியல அண்ணி. கடிக்காது" என்றாள். அதுதான் அவள் பேசி நான் கேட்ட முதல் முழு வாக்கியம்.

அதை வைத்துத்தான் தண்ணீர்க் கம்பெனியில் வேலை கிடைத்தது. கேனில் அடைத்து வீடுவீடாகப் போடுகிற கம்பெனி. தண்ணீர் வாங்குகிறவர்கள் போனிலிருந்து எழுதி அனுப்புகிற புகார்களை ஒன்றுசேர்த்து முதலாளி அறைத் திரையில் காட்டுவது இவள் பொறுப்பு.

அந்த ஆபீசுக்கு ஒரு தடவை போயிருக்கிறேன், அவள் மறந்துவைத்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க. கீழே கேன் நிரப்புகிற கொட்டகை, மேலே ஆபீஸ். படிக்கட்டுக் கைப்பிடி பிசுபிசுத்தது. மேலே கைகழுவுகிற தொட்டியில் டீத்தூள் திப்பியாக அடைத்துக் கிடந்தது, அதன்மேல் யாரோ சீப்பிலிருந்து உருவிப் போட்ட முடி. தண்ணீர் விற்கிற இடத்தில் கைகழுவத் தண்ணீர் இறங்கவில்லை. முதலாளி வெளியே வந்தார். வண்டிச் சாவியைக் காதுக்குள் விட்டுக் குடைந்துகொண்டே, "யாரு, நம்ம பொண்ணோட அண்ணியா, வாங்க வாங்க" என்று வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். சாவியைச் சட்டையில் துடைத்துவிட்டு அதே கையை என்னிடம் நீட்டினார். நான் கும்பிடு போட்டேன். அந்த அளவுக்கு யாரையும் நான் மரியாதையாகக் கும்பிட்டதில்லை.

இந்த முதலாளிக்கு நீளமாகப் படிக்கப் பிடிக்காது. "எனக்குப் புராணம் வேண்டாம்மா. ஆளுக்கு ஒரு வரி காட்டு, போதும்" என்றிருக்கிறார். திரையில் ஒரு வரிக்கு அறுபது எழுத்து கொள்ளும். ஆகவே ஒவ்வொரு கடிதத்திலும் முதல் அறுபதை மட்டும் வெட்டி எடுத்து இவள் காட்டினாள்.

எப்படி வெட்டுகிறாய் என்று நான் வாயைக் கொடுத்தேன். அன்றைக்கு நாங்கள் எல்லோரும் சோபாவில் வரிசையாக உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் எழுந்து எதிரில் நின்று எங்களை எண்ண ஆரம்பித்தாள்.

"அத்தை பூஜ்யம். மாமா ஒண்ணு. உங்க தம்பி ரெண்டு. நீங்க மூணு."

"நான் பூஜ்யமா?" என்றாள் அம்மா.

"எண்ணிக்கை அங்கதான் ஆரம்பிக்கும் அத்தை. இப்போ ஒண்ணுல இருந்து மூணு வரைக்கும் வெட்டுன்னு சொன்னா, மாமாவும் இவரும் மட்டும் வருவாங்க."

"மூணு நான்தானே? மூணு வரைக்கும்னா நானும் வரணும்ல?"

"வர மாட்டீங்க அண்ணி. வரைக்கும்னா அதுக்கு முன்னாடியே நின்னுடும். உங்களை மட்டும் எடுக்கணும்னா கடைசியில இருந்து எண்ணலாம். அப்போ நீங்க மைனஸ் ஒண்ணு."

தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். அம்மா டிவியை அணைத்துவிட்டு எழுந்து போனாள். வீட்டுக்கு மூத்தவளைப் பூஜ்யம் என்று சொல்லிவிட்டாள் என்று பக்கத்து வீடு வரைக்கும் புகார் போயிற்று.

அங்கே முதலாளி காலையில் காபியோடு திரைமுன் உட்கார்ந்து அந்த ஒற்றை வரிகளைப் படித்துப் படித்துப் பூரித்துப்போனார். பூரிக்காமல் என்ன செய்வார். நம் ஆட்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதையும் எடுத்த எடுப்பில் சொல்ல வராது. வீடு பற்றி எரிந்தாலும், நீங்களும் உங்கள் குடும்பத்தாரும் நலம்தானே என்று விசாரித்துவிட்டுத்தான் நெருப்பு என்று சொல்வார்கள். அந்தப் புகார்களும் அப்படித்தான் இருந்தன. ஐயா வணக்கம், தங்கள் நிறுவனம் மேலும் மேலும் வளர வாழ்த்துகிறேன். பல காலமாகத் தங்கள் தண்ணீரைத்தான் நம்பிக் குடிக்கிறோம். கேன் கொண்டுவரும் தம்பி தங்கமான பையன். அறுபது எழுத்து அங்கேயே தீர்ந்துவிடும்.

"பாத்தியாம்மா, ஒருத்தராவது குறை சொல்றாங்களா?" என்று முதலாளி கேட்பாராம். கூட வேலை செய்கிறவர்களைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டுவாராம். அந்த வரிகளில் சிலவற்றைப் பொறுக்கி, தண்ணீர் வண்டிகளின் பக்கவாட்டில் நீல எழுத்தில் எழுதவும் வைத்தார். என் பள்ளிக்கூட வாசலிலேயே அப்படி ஒரு வண்டி அடிக்கடி நிற்கும். நான் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் எழுத்து வேலை பார்க்கிறவள். அந்த வண்டியைப் பார்த்து, அரைவரியின் கைவேலை என்று பெருமைப்பட்டுக்கொண்டும் இருந்தேன்.

பிறகு ஒரு நாள் ஆபீசுக்கு ஓர் அம்மா போன் செய்திருக்கிறாள். எழுதினேனே, யாராவது படித்தீர்களா என்று கேட்டிருக்கிறாள். அவள் கடிதம் திரையில் இருந்தது, வாழ்த்தோடும் வணக்கத்தோடும். என்ன எழுதினீர்கள் என்று இவள் கேட்டதற்கு, "அதை மறுபடியும் என் வாயால சொல்லணுமாம்மா" என்று அந்த அம்மா போனை வைத்துவிட்டாள். இவள் முழுக் கடிதத்தையும் திறந்தாள். அதைப் படித்துவிட்டு அடுத்ததைத் திறந்தாள். மதியச் சாப்பாட்டு டப்பாவை அன்று அப்படியே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்தாள்.

வந்தவள் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றவில்லை. சமையலறையில் இருந்த கேனைத் தூக்கினாள். வேலை செய்கிறவர்களுக்குக் கம்பெனி இலவசமாகக் கொடுக்கிற கேன், நாங்கள் எல்லோரும் குடித்துக்கொண்டிருந்தது. அதைக் குளியலறைக்கு இழுத்துப் போய்க் கவிழ்த்தாள். கடகடவென்று தண்ணீர் போகிற சத்தம் கேட்டு அம்மா ஓடிவந்தாள்.

"என்னடி இது, நல்ல தண்ணியை இப்படிக் கொட்டுற?"

"வேண்டாம் அத்தை."

"ஏன் வேண்டாம்?"

"எழுதியிருக்காங்க."

நான் அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். போனை நீட்டினாள். படித்தேன். கேனின் உள்பக்கம் பச்சையாகக் கொழகொழவென்று பாசி. கொதிக்கவைத்தால் மேலே நுரை திரளுகிறது, முட்டை அழுகின வாசனை. குழந்தைக்குப் பால் கலக்கும்போது நெளிந்த புழு. ஒருவர் டம்ளரில் ஊற்றியபோது பொத்தென்று விழுந்தது புண்ணுக்கு ஒட்டுகிற பிளாஸ்திரி, பஞ்சில் பழுப்பாகக் கறை. அதை எழுதியவரும் ‘ஒரே ஒரு சின்ன விஷயம்’ என்றுதான் ஆரம்பித்திருந்தார். வாந்தி எடுக்கக் குளியலறைக்கு ஓடினேன். கேன் இன்னும் அங்கே கவிழ்ந்து கிடந்தது. அதைப் பார்த்ததும் பாதி வேலை தானாக முடிந்துவிட்டது.

மறுநாள் அவள் போய்க் கீழே கொட்டகைக்குப் பின்னால் இருக்கிற தண்ணீர்த் தொட்டியைப் பார்த்திருக்கிறாள். ஏணி வைத்து ஏறவேண்டிய தொட்டி. கேன் கழுவுகிறவர், "மேல ஏறாதீங்க மேடம், பாத்தா அப்புறம் சோறு இறங்காது" என்று சொன்னாராம். ஏறினாள். மூடி பாதி உடைந்து உள்ளே விழுந்து மிதந்தது. விளிம்பு முழுக்கப் புறா எச்சம்.

இதையெல்லாம் முதலாளி கண்ணில் படவைத்துவிட்டால் போதும், மனுஷன் ஆடிப்போய்த் தொட்டியைக் கழுவிவிடுவார் என்று அவள் நம்பினாள். அந்த நம்பிக்கையை நினைத்தால் இப்போதும் எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. வெட்டுகிற இடத்தை மாற்றினால் வேலை முடிந்தது என்று, முதல் அறுபதுக்குப் பதிலாகக் கடைசி அறுபதை எடுத்துப் பார்த்தாள். அங்கேயும் அதே கதை. சிரமத்துக்கு மன்னிக்கவும், தங்கள் மேலான பதிலை எதிர்பார்த்து, என்றும் அன்புடன். முன்னாலும் சர்க்கரை, பின்னாலும் சர்க்கரை. சொல்ல வந்த விஷயம் நடுவில் எங்கேயோ, ஆளுக்கொரு இடத்தில் கிடந்தது. இத்தனையாவது எழுத்து என்று நம்பர் போட்டு வெட்ட முடியாது.

நாலைந்து நாள் அதே யோசனையாக இருந்தாள். ஒரு நாள் சாப்பிடும்போது கையை நிறுத்தி, "ஆனால்" என்றாள்.

"ஆனால் என்ன?" என்றேன்.

"எல்லாரும் ஆனால்னு எழுதறாங்க அண்ணி. அங்கதான் திரும்புது."

அந்த வார்த்தை எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று தேடிப் பிடித்து, அங்கிருந்து கடைசி வரைக்கும் வெட்டி எடுக்கச் சொல்லிவிட்டாள். ‘ஆனால்’ போடாதவர்கள் ‘இருந்தாலும்’ போட்டிருந்தார்கள், ‘ஒரு சின்ன விஷயம்’ போட்டிருந்தார்கள். எல்லாவற்றையும் ஒரு பட்டியலாக எழுதிக்கொண்டு, எது முதலில் வருகிறதோ அங்கே வெட்டு என்றாள். வெட்டியது விழுந்த இடமெல்லாம் கச்சிதம். ஒரு கடிதத்திலும் வணக்கம் இல்லை, வாழ்த்து இல்லை, நேராகப் புழு.

மறுநாள் காலை முதலாளி காபியோடு வந்து உட்கார்ந்தார். திரையைப் பார்த்தார். காபி டம்ளரைத் தள்ளி வைத்தார். இவளைக் கூப்பிட்டார்.

"என்னம்மா இது, காலங்காத்தால?"

"புகார் சார்."

"இதெல்லாம் எப்போ வந்துச்சு?"

"எப்பவுமே இருந்தது சார். நாமதான் பாக்கல."

அவர் திரையையே மேலும் கீழும் பார்த்தாராம். தொட்டியைப் பற்றித்தான் யோசிக்கிறார் என்று இவள் நின்றிருக்கிறாள். பிறகு மூஞ்சி மலர்ந்துவிட்டது.

"அப்போ அந்த ஆனால் எங்க இருக்குன்னு கம்ப்யூட்டரே கண்டுபிடிச்சிடுதா?"

"ஆமா சார்."

"அப்படின்னா அதுக்கு முன்னாடி இருக்கறதை மட்டும் எடுக்கலாம்ல? முன்னாடியெல்லாம் வரி பாதியில தொங்கிட்டு நின்னுச்சு, படிக்க நல்லாவே இல்ல. இப்போ சுத்தமா வரும் பாரு."

அதைச் செய்யப் பெரிய வேலை ஒன்றும் இல்லை என்று அவள் எனக்கு விளக்கினாள். மேலும் கீழுமாக இரண்டு புள்ளி, அதற்கு இந்தப் பக்கம் எழுதிய எண்ணை அந்தப் பக்கம் எழுதவேண்டும், அவ்வளவுதான். அங்கிருந்து என்பது அதுவரைக்கும் என்று ஆகிவிடும்.

"செஞ்சியா?" என்றேன்.

"செஞ்சேன்."

எனக்கு அவளைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அந்தப் பிளாஸ்திரியைவிட அவள்மேல்தான் அதிகம் குமட்டியது, உள்ளதைச் சொல்கிறேன். மனுஷர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு, மரியாதைக்காக முன்னால் வைத்த நாலு நல்ல வார்த்தையை மட்டும் இணுக்கு இணுக்காகக் கிள்ளி எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறாள். அவள் கழுவிக் கவிழ்த்த டம்ளரை நான் எடுத்து மறுபடி கழுவினேன், அவள் பார்க்கும்படி. அவள் உள்ளே போய்விட்டாள்.

இதற்குள் வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டிருந்தார்கள். முதலாளி அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். கம்பெனிப் பேரை மாற்றினார். அதே கொட்டகை, அதே தொட்டி, அதே புறா. கேன்மேல் பழைய லேபிளை உரிக்காமல் அதன்மேலேயே புதுசை ஒட்டினார்கள்.

அந்தச் சமயம் பார்த்து எங்கள் பள்ளிக்கூடத்தில் குடிதண்ணீர்க் குழாய் பழுதாகி, இனிமேல் பிள்ளைகளுக்குக் கேன் தண்ணீர்தான் என்று முடிவாயிற்று. எந்தக் கம்பெனி என்று பார்த்தால், புதுப் பேரில் நம் முதலாளி. பள்ளித் தாளாளரும் அவரும் தோளில் கைபோட்டுப் பேசுகிற சிநேகிதர்கள். தாளாளர் ஏறக்குறைய சரி என்றே சொல்லிவிட்டார். தலைமையாசிரியையும் பெற்றோர் தரப்பில் ஒருவரும் உட்கார்ந்து ஒரு தடவை பார்த்துவிட்டால் கையெழுத்து. எனக்கு வகுப்பறைகளைக் கடந்து போகவே முடியவில்லை. ஒவ்வொரு பிள்ளை கையிலும் ஒரு பாட்டில். அந்தத் தொட்டி வந்து அந்தப் பாட்டில்களில் இறங்கப் போகிறது.

அன்று வீட்டுக்குப் போனதும் அவளைப் பிடித்து உலுக்கிவிடுவது என்று போனேன். அவள் எனக்காகவே வாசலில் காத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, உங்க ஸ்கூலுக்குக் காட்டறதுக்கு நல்லதா ஏழெட்டு எடுக்கச் சொல்லியிருக்கார். பேரு, விலாசம் எதுவும் வேண்டாமாம்."

"நல்லா எடு. உனக்கென்ன."

"இதைப் பாருங்க முதல்ல."

போனில் ஒரு வரி இருந்தது. ‘இக்கடிதம் தங்களை நல்ல மனநிலையில் சந்திக்கும் என்று நம்புகிறேன்.’

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உலகத்திலேயே ஒரே ஒருவர்தான் இப்படி எழுதுவார். அவர் எங்கள் தலைமையாசிரியை. மின்கட்டண ஆபீசுக்கும் இதுதான், தாமதமாக வருகிற வாத்தியாருக்குக் கொடுக்கிற எச்சரிக்கைக்கும் இதுதான். தினமும் அதை அடித்துக் கொடுத்து என் விரல் தேய்ந்திருக்கிறது. வீட்டில் அதைச் சொல்லிக் கேலி செய்ததும் நான்தான்.

"மீதி எங்க?" என்றேன்.

கீழே தள்ளிக் காட்டினாள். தங்கள் ஊழியர் கனிவானவர், நேரம் தவறாதவர் என்று எழுதியிருந்தது. ஆனால் என்று இருந்தது. நேற்று வந்த கேனின் அடியில் எலிக்குஞ்சு ஒன்று ஊறிக் கிடந்ததைக் கண்டோம், கண்டபோது பாதிக் கேன் தீர்ந்திருந்தது என்று இருந்தது. பழைய பேர் இருந்த காலத்தில் எழுதியது.

"நாளைக்குக் காலையில முதல் வேலையா அவங்ககிட்ட சொல்லிடறேன்."

"வேண்டாம் அண்ணி. தனியா சொன்னா தனியாவே மூடிடுவாங்க. அது வேற கம்பெனின்னு சொல்லுவார். தாளாளரும் ஆமான்னு சொல்லுவார். எல்லாரும் இருக்கறப்போ அவங்களே பாக்கணும்."

"உன் வேலை போயிடுமே."

"போகட்டும். எனக்கு அந்தப் படிக்கட்டுல கை வைக்கவே பிடிக்கல."

கம்ப்யூட்டர் விஷயம் தவிர அவள் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. நான் அவளிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. டீ போட்டுக் கொடுத்தேன்.

கூட்டம் தாளாளர் அறையில் நடந்தது. முதலாளி புது லேபிள் ஒட்டிய கேன் ஒன்றை மாதிரிக்கென்று கொண்டுவந்து நடு மேசையில் வைத்திருந்தார். எல்லோருக்கும் ஊற்றிக் கொடும்மா என்று என்னிடம் சொன்னார். ஊற்றினேன். தட்டை யாரிடமும் நீட்டாமல் ஓரத்து மேசையில் வைத்துக்கொண்டு நின்றேன். பெற்றோர் தரப்பில் வந்திருந்தவர் தானே எழுந்து வந்து ஒரு டம்ளரில் கை வைத்தார். "ஈ விழுந்துடுச்சு சார்" என்றேன். அவர் டம்ளருக்குள் பார்த்தார், என்னைப் பார்த்தார், போய் உட்கார்ந்துவிட்டார்.

அரைவரி மடிக்கணினியைத் திறந்து வைத்தாள். சுவரில் வெளிச்சம் விழுந்தது. முதலாளி எழுந்து நின்று, மக்கள் தங்கள் கைப்பட எழுதியது, நாங்கள் ஒரு எழுத்துகூடச் சேர்க்கவில்லை என்று சொன்னார். அது மட்டும் உண்மை.

முதலில் வந்தது அந்த வரி. அதற்குக் கீழே ஊழியர் கனிவானவர், நேரம் தவறாதவர்.

தலைமையாசிரியை படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார்.

"இது நான் எழுதினது."

முதலாளிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அப்படியா மேடம், நீங்களே நம்ம கஸ்டமரா? எனக்குத் தெரியாமப் போச்சே. பாருங்க சார், மேடமே எவ்வளவு நல்லா எழுதியிருக்காங்க" என்று தாளாளர் பக்கம் திரும்பினார். தாளாளரும் தலையை ஆட்டிக் கையைத் தட்டப் போனார்.

"மீதியைக் காட்டுங்க" என்றார் தலைமையாசிரியை.

"மீதி எதுவும் இல்லைங்க மேடம். அவ்வளவுதான் வந்தது."

"இருக்கு மேடம்" என்றாள் அரைவரி. "வெட்டினது வெளியில காட்டறதுக்கு எடுத்த நகல்தான். உள்ள இருக்கற கடிதத்துல ஒரு எழுத்துகூடக் குறையாது. எத்தனை தடவை வெட்டினாலும் குறையாது."

முதலாளி அவளைப் பார்த்த பார்வையில் பால் திரிந்திருக்கும். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எதுவரைக்கும் என்று எழுதியிருந்ததை அழித்தாள். நடுவில் அந்த இரண்டு புள்ளி மட்டும் நின்றது. இரண்டு பக்கமும் ஒன்றும் எழுதாமல் விட்டால், முழுசையும் எடு என்று அர்த்தமாம். ஒரு பொத்தானைத் தட்டினாள்.

சுவர் நிறைந்துபோயிற்று. தலைமையாசிரியையின் எலிக்குஞ்சு மேலே, அதன்கீழே பிளாஸ்திரி, புழு, பாசி, அழுகின முட்டை. ஒவ்வொன்றுக்கும் முன்னால் வணக்கம், ஒவ்வொன்றுக்கும் பின்னால் நன்றி. பெற்றோர் தரப்பு ஆள் வாயைக் கையால் பொத்திக்கொண்டு படித்தார்.

"சார், போதும்னு சொல்லுங்க" என்றார் முதலாளி, தாளாளரிடம்.

"போதும்னு நான் சொல்லல" என்றார் தலைமையாசிரியை. "இன்னும் கீழ போம்மா."

அவள் இன்னும் கீழே போனாள்.

"மேடம், இதெல்லாம் பழைய பேர்ல இருந்தப்போ வந்தது" என்று முதலாளி சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. முகத்தில் ஈயாடவில்லை. தாளாளர் மேசை விரிப்பின் நுனியை மடித்து மடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளியின் தோளுக்கு அவர் கை இப்போது போகவில்லை.

முதலாளிக்கு இருமல் வந்தது. தொண்டையைச் செருமினார், சரியாகவில்லை. "கொஞ்சம் தண்ணி" என்றார், என் பக்கம் பார்க்காமலே.

ஓரத்து மேசையிலிருந்து ஒரு டம்ளரை எடுத்துப் போய் அவர்முன் வைத்தேன். பழக்கத்தில் எடுத்து வாய் வரைக்கும் கொண்டுபோனார். அங்கே நின்றது. மேசை நடுவில் இருந்த கேனைப் பார்த்தார்.

"குடிங்க சார்" என்றேன்.

டம்ளரைக் கீழே வைத்தார். மறுபடியும் இருமினார். அரைவரி அடுத்த பக்கத்துக்குப் போனாள்.